கண்ணாடிக் கதவுக்குச் சட்டம் இருக்கு, காவலாளிக்கு?

2024 நவம்பர் 13 அன்று கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் ஒரு புற்றுநோய் மருத்துவர் பணியிலேயே கத்திக்குத்துக்கு ஆளானார். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். இப்படி ஏதாவது நடந்தா முதல்ல வர்ற கேள்வி, "செக்யூரிட்டி என்ன பண்ணிட்டிருந்தாங்க?" சரி, அந்த செக்யூரிட்டியே அடி வாங்கினா? அதைத் தெரிஞ்சுக்கத்தான் சட்டத்தை எடுத்துப் படிச்சேன்.

மருத்துவமனை வன்முறைக்கு எதிரா தமிழ்நாட்டில் 2008-ல் வந்த 48-ஆம் எண் சட்டம் உண்மையிலேயே கடுமையானது. குறைந்தபட்சம் 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை. ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. ஆனா அது யாருக்கு? பதிவு பெற்ற மருத்துவர்கள், செவிலியர்கள், மருத்துவ மாணவர்கள், செவிலிய மாணவர்கள், துணை மருத்துவப் பணியாளர்கள். பட்டியல் அவ்வளவுதான். காவலாளி அதில் இல்லை.

மருத்துவமனைச் சொத்து மட்டும் இருக்கு! வாசல் கண்ணாடிக் கதவை உடைச்சா இந்தச் சட்டம் பாயும். அந்தக் கதவுக்கு முன்னாடி நிக்கிறவரை அறைஞ்சா, சாதாரணக் காயம்னா, பாரதிய நியாய சன்ஹிதா 115(2)தான். அதிகபட்சம் ஓராண்டு சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாம போலீஸ் விசாரிக்கக்கூட முடியாது.

'துணை மருத்துவப் பணியாளர்' என்பதை நீட்டி வாதாடலாமேன்னு சிலர் சொல்லலாம். ஏஜென்சி சம்பளத்தில் நிக்கிறவர் அதுக்கு வக்கீல் வெச்சு வாதாடணுமா?

தாம்பரம் சானடோரியமோ, குரோம்பேட்டை அரசு மருத்துவமனையோ, ஜிஎஸ்டி ரோட்டுத் தனியார் மருத்துவமனையோ, "ஒருத்தர்தான் உள்ள போகலாம்"னு நம்மகிட்ட சொல்றது டாக்டர் இல்ல. நிர்வாகம் போட்ட விதியைச் சொல்ற வாய் செக்யூரிட்டியோடது; கோபமும் முதல்ல அவர் மேலதான் விழுது.

கேரளா இதைச் சரிபண்ணியிருக்கு. 2023 மே 10-ல் கொட்டாரக்கரையில் மருத்துவர் வந்தனா தாஸ் கொல்லப்பட்ட பிறகு, அதே மாசம் அவசரச் சட்டம் கொண்டுவந்து பாதுகாவலர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள், உதவியாளர்களையும் பட்டியலில் சேர்த்தாங்க.

தண்டனையை ஏத்தினா மட்டும் அடிதடி நின்னுடாது, உண்மைதான். கூட்ட நெரிசலும் காத்திருப்பும் சரியாகணும். ஆனா நம்ம சட்டத்தில் தண்டனை ஏற்கெனவே போதுமான அளவு இருக்கு. குறை வரையறையில். மருத்துவமனையில் பணிபுரியும் எவரும், ஒப்பந்த ஊழியர் உட்பட என்று சட்டமன்றம் ஒரு வரி சேர்த்தால் போதும். கேரளா செஞ்சதை நாமும் செய்யலாமே.