டி.பி.டி. திறன் பயிற்சி: மலையகத்தில் யாருக்குப் பயன்?

இயங்கியல் நடத்தைச் சிகிச்சை எனப்படும் டி.பி.டி.யை அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லைனஹன், தற்கொலை எண்ணத்தோடும் உணர்ச்சிக் கொந்தளிப்போடும் போராடுவோருக்காக உருவாக்கினார். அதன் கைந்நூல் 1993இல் வெளிவந்தது. திறன் பயிற்சி அச்சிகிச்சையின் ஓர் அங்கம். நிகழ்கணத்தில் மனத்தை நிறுத்துதல், நெருக்கடியைத் தாங்குதல், உணர்ச்சியை நெறிப்படுத்துதல், உறவு முறியாமல் வேண்டியதைக் கேட்டுப் பெறுதல் ஆகிய நான்கு பாடங்களும் வாரம் ஒரு வகுப்பாக ஏறத்தாழ 24 வாரங்கள் கற்பிக்கப்படுகின்றன.

இலங்கையின் தற்கொலை வீதம் 1995இல் இலட்சம் பேருக்கு 47 அளவை எட்டியது. கொடிய பூச்சிகொல்லிகளைத் தடைசெய்த பின் இறப்புகள் பெரிதும் குறைந்தன. முயற்சிகள் அந்த அளவுக்குக் குறையவில்லை. அவற்றில் பல, முன்திட்டமின்றி, வீட்டுச் சண்டையை அடுத்த சிறுபொழுதில் நிகழ்பவை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அந்தச் சிறுபொழுதைக் கடக்கவே நெருக்கடி தாங்கும் பாடம் உதவுகிறது. முகத்தைக் குளிர்நீரில் அமிழ்த்துவது அதன் உத்திகளுள் ஒன்று. இதயத் துடிப்பு தணிந்து கொந்தளிப்பு இறங்கும். இதய நோயாளர் இதைத் தவிர்க்க வேண்டும். மற்றவர்களுக்கு நுவரெலியா, அட்டன் தோட்டங்களின் பீலித் தண்ணீரே போதும்.

ஆகவே, ஆத்திரத்தில் தம்மையே காயப்படுத்திக்கொள்ளும் இளையோர், முன்பு தற்கொலைக்கு முயன்றவர்கள், குடியை விடப் போராடுபவர்கள் ஆகியோருக்கு இது பயன்படும். 99 பெண்களிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், திறன் பயிற்சி சேர்ந்த சிகிச்சைகள், அது சேராத சிகிச்சையைவிடத் தன்னைக் காயப்படுத்தும் செயல்களைக் கூடுதலாகக் குறைத்தன. வகுப்பாகக் கற்பிக்கக்கூடிய பயிற்சி இப்படிப் பலன் தருவது, உளவியலாளர் அரிதான தோட்டப்புறத்துக்கு நல்ல செய்தி.

குறைகளும் சிறியவை அல்ல. கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பெயர், அதாவது அரைநாள் கூலி, விழும் இடத்தில், வாரந்தோறும் இரண்டரை மணி நேரம் வகுப்பில் அமர்வது கூலியை இழப்பதாகும். நாட்குறிப்பும் வீட்டுப்பாடமும் எழுத்தறிவு குறைந்தவர்களுக்குச் சுமை. அடுத்த வீட்டுப் பேச்சும் கேட்கும் லயக் காம்பராவில், வகுப்பில் சொன்னது இரகசியமாக நிலைப்பது கடினம். எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து வேறு: கணவன் அடிக்கும் பெண்ணுக்குப் பொறுமை கற்பிக்கும் பாடமாக இது மாறிவிடலாம். அவளுக்கு முதலில் தேவை பாதுகாப்பு. கடும் மனநோயில் தவிப்பவருக்கு முதலில் தேவை மருத்துவரின் சிகிச்சை.

எனவே இப்பயிற்சி மலையகத்துக்கு ஏற்றதே. ஆனால் அப்படியே இறக்குமதி செய்யத்தக்கதன்று. பிள்ளை மடுவப் பொறுப்பாளர்களையும் தோட்ட வைத்திய உதவியாளர்களையும் பயிற்றி, எழுத்தைக் குறைத்து, பேச்சுத் தமிழில், கூலி இழப்பில்லாத வேளையில் நடத்தினால்தான் பயன் தரும். உடனடி உதவி வேண்டுவோர் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற எண்ணை அழைக்கலாம்.