பிரயாணத் தையல்

காகிதத்தை உள்ளே வைத்துத் தைக்கும் ஆங்கில ஒட்டுத்தையலைப் போல, கடல் கடந்து பந்துக்களின் இல்லத்துக்குப் போகிறவர்களுக்கு இசைவான கைவேலை வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கெட்டிக் காகிதத்தில் கத்தரித்த அறுகோணத்தின்மேல் துணியைப் படியவைத்து, ஓரங்களை மடித்து, பிற்பாடு பிரித்துவிடக்கூடிய தளர்ந்த தையலிட்டு, அவ்விதம் அமைந்த துண்டுகளை முகத்தோடு முகம் சேர்த்து, விளிம்பின் ஓரிரு இழைகளை மட்டும் ஊசி பற்றும்படி நுட்பமாக இணைத்துக்கொண்டே போவதுதான் அதன் கிரமம். ஆறு பக்கமும் அண்டைத் துண்டுகள் வந்து சேர்ந்த பிறகே நடுவிலுள்ள காகிதத்தை உருவுவார்கள். 1718ஆம் ஆண்டைத் தாங்கிய இங்கிலாந்துப் பட்டுப் போர்வையொன்று, பறவைகளும் மிருகங்களும் மனித உருவங்களும் விளங்க, இக்காகித முறையிலேயே தைக்கப்பட்டது.

மேஜையும் யந்திரமும் வேண்டாத இவ்வேலையை லண்டனிலிருந்து சிட்னிக்கு மகளைப் பார்க்கப் போகும் தாய் ஆகாய விமானத்திலேயே தொடங்கலாம்; 6 சென்டிமீட்டருக்கு மிகாத அலகுடைய கத்தரிக்கோலுக்குப் பிரிட்டிஷ் விமான நிலைய விதிகளில் தடையில்லை. விருந்தாளியாக நெடுநாள் தங்குவதில் ஒரு சங்கடம் உண்டு: வீட்டார் அலுவலுக்குப் போனபின் கை சும்மா இருக்கும், அவர்கள் திரும்பியபின் பேச்சுக்கு விஷயம் தேட வேண்டியிருக்கும். மடியில் தையல் இருந்தாலோ மௌனமும் சகஜமாகிவிடுகிறது, பேச்சும் தானே பிறக்கிறது, அருகில் வந்து உட்காரும் பேரக் குழந்தைக்கு வர்ணம் பிரித்தடுக்கும் உத்தியோகமும் கிடைத்துவிடுகிறது. அக்குழந்தைக்குச் சிறுத்துப்போன சட்டையும் போர்வையில் இடம் பெறலாம். பருத்தியாக இருந்தால் விசேஷம், ஜீன்ஸ் துணியானால் மடிப்பு தடித்து ஊசியை வதைக்கும்.