எண்ணெய் எங்கே நின்றது?

இன்ஜின் வேலை முடிந்து வந்த பழைய காரில் ஆயில் பிரஷர் தகராறு என்றால் மெக்கானிக்குகள் இரண்டாகப் பிரிந்துவிடுவார்கள். ஒருவர் உடனே ஸ்பானரைத் தேடுவார். அதற்கும் சோம்பல்பட்டால், "கொஞ்சம் கெட்டி ஆயிலா ஊத்திப் பாப்போம் சார்" என்பார். இன்னொருவர் பானெட்டைத் திறந்துவைத்துவிட்டுச் சும்மா நிற்பார். கிராங்க் எங்கே கிரைண்ட் பண்ணினீங்க? கேம் புஷ் மாத்தினாங்களா? பிளாக்கைக் கழுவினது யாரு? இந்த இரண்டாமவருக்கு நான் ரசிகன். கச்சேரிக்குப் போகிறவர்கள் போகட்டும். நல்ல மெக்கானிக் ஒருவர் யோசித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க நான் ஸ்டூல் போட்டு உட்காரத் தயார்.

ஓடித் தேய்ந்த இன்ஜினில் பிரஷர் குறைந்தால் பெரும்பாலும் வயசுதான் காரணம். அதில் ரசிக்க அதிகமில்லை. புதிதாகக் கட்டிய இன்ஜின் அப்படியல்ல. பேரிங் புதுசு, ரிங் புதுசு, எல்லாம் அளந்து போட்டது. அப்படியும் எண்ணெய் போய்ச் சேரவில்லை என்றால், திறந்திருக்க வேண்டிய ஒரு துளையை யாரோ மூடியிருக்கிறார். அல்லது மூட வேண்டியதைத் திறந்தபடி விட்டிருக்கிறார். அந்தக் கை எந்த இடத்தில் சறுக்கியிருக்கும் என்பதை இரும்பைப் பிரிப்பதற்கு முன்பே சொல்வதுதான் வித்தை.

நமக்குத் தெரிந்த வண்டியாகவே எடுத்துக்கொள்வோம். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்த அம்பாசடரில் 1959 முதல் ஓடியது பி.எம்.சி.யின் பி-சீரிஸ் இன்ஜின், 1489 சி.சி. இதே அளவு இன்ஜின்தான் 1955-ல் எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும் வந்தது. கல்யாண ஊர்வலத்துக்கும் கலெக்டருக்கும் உழைத்த வண்டிக்கு அப்படி ஓர் உறவு இருப்பது பலருக்குத் தெரியாது. எண்ணெய் போகும் வழி எளிமையானது. சம்ப்பிலிருந்து ஸ்ட்ரெயினர், பம்ப், ஃபில்டர், பிறகு பிளாக்கில் நீளவாக்கில் ஓடும் பெரிய துளை. அதிலிருந்து மூன்று மெயின் பேரிங்குகள். அங்கே வழி பிரிகிறது: ஒரு கிளை கிராங்குக்குள் சாய்வாகக் குடைந்த துளைகள் வழியே பிக்-எண்ட் பேரிங்குகளுக்குப் போகிறது, மற்றொன்று மேலே கேம் பேரிங்குகளுக்கு. பின்பக்கக் கேம் பேரிங்கைத் தொட்ட எண்ணெய்தான் பிளாக்கின் பின்மூலை வழியாக ஹெட்டுக்கு ஏறி, ராக்கர் ஷாஃப்டைத் தாங்கும் நான்கு தூண்களில் கடைசித் தூணுக்குள் நுழைந்து, பொள்ளலான ஷாஃப்டுக்குள் ஓடி ராக்கர்களை நனைக்கிறது. ராக்கர்தான் கடைக்கோடி வீடு.

இவ்வளவு தூரம் பாடுபட்டுக் கொண்டுபோகும் எண்ணெய் பேரிங்கில் என்ன செய்கிறது என்பதை முதலில் கண்டவர் பீச்சாம்ப் டவர் என்ற ஆங்கிலேயர். 1880-களின் தொடக்கத்தில் ரயில் அச்சுப் பேரிங்குகளை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் தலையில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் துளை வழியே எண்ணெய் உள்ளே போகவில்லை, வெளியே பொங்கிற்று. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே வந்தது. மரக்கட்டை அடித்தார், அதுவும் வந்தது. கடைசியில் பிரஷர் கேஜை முறுக்கினார். பேரிங் மீது இருந்த சராசரிப் பளு சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு. கேஜின் முள்ளோ 200-ஐத் தாண்டிப் போயிற்று. சுழலும் அச்சு எண்ணெயை ஆப்பு மாதிரித் தானே இழுத்து, அந்தப் படலத்தின் மேல் தன்னைத் தூக்கிக்கொள்கிறது. இதற்குக் கணக்கு எழுதிக் கொடுத்தவர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ், 1886-ல்.

ஆக, அச்சைத் தூக்குவது பம்ப் அல்ல. பம்ப்பின் வேலை சப்ளை. இதைப் புரிந்துகொண்ட மெக்கானிக் கேஜைப் பார்க்கும் விதமே வேறு. முள் காட்டுவது எவ்வளவு எண்ணெய் போகிறது என்பதை அல்ல, போகிற எண்ணெய்க்கு எவ்வளவு தடை என்பதை. தோட்டத்து ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்துப் பாருங்கள்: உள்ளே அழுத்தம் ஏறும், வெளியே தண்ணீர் குறையும். முள் உயரத்தில் நின்று அழகு காட்டும்போதே ஓரிடம் வறண்டு கிடக்கலாம். வண்டிக்காரர்களிடம் இதை ஒப்புக்கொள்ள வைப்பது பெரும்பாடு.

நல்ல ஆள் முள்ளின் உயரத்தை விட அதன் நடத்தையைக் கவனிப்பார்.

முதல் ஸ்டார்ட்டிலேயே முள் எழவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே நிறுத்திவிடுவார். ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரில் மட்டும் சுற்றுவார். கம்ப்ரஷன் இல்லாததால் பேரிங்குக்குப் பளு இல்லை. அப்போதும் முள் அசையாவிட்டால் ஃபில்டர் இணைப்பை லேசாகத் தளர்த்துவார். எண்ணெய் கசிந்தால் பம்ப் பிழைத்தது. கேஜும் அதற்குப் போகும் மெல்லிய குழாயும் சந்தேகத்துக்குரியவை. கசியாவிட்டால் பம்ப் காற்றைக் கடைந்துகொண்டிருக்கிறது. உலர்ந்த பம்ப் உறிஞ்சாது. ரோவர் வி8 இந்த விஷயத்தில் பேர்போனது. ஜெனரல் மோட்டார்ஸின் ப்யூக் இன்ஜினை 1965-ல் உரிமை வாங்கி, 1967-ல் தன் காரில் வைத்தது ரோவர். அதன் பம்ப் முன்பக்க மூடியில், எண்ணெய் மட்டத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. பிரித்துக் கட்டினால் பல்சக்கரங்களுக்கு நடுவே பெட்ரோலியம் ஜெல்லியை அப்பித்தான் மூட வேண்டும். உதட்டு வெடிப்புக்குத் தடவும் அதே பொருள். கிரீஸ் கூடாது, ஜெல்லி சூட்டில் உருகி எண்ணெயோடு கலந்துவிடும், கிரீஸ் போய் எங்காவது அடைத்துக்கொள்ளும். நம் பி-சீரிஸில் பம்ப் கீழே சம்ப்புக்குள்ளேயே இருப்பதால் அந்தக் கவலை குறைவு. ஆனால் அமெரிக்க வி8 பலவற்றில் செய்வதுபோல டிஸ்ட்ரிபியூட்டர் துளை வழியே டிரில் மெஷினை விட்டுப் பம்ப்பைச் சுற்றும் சௌகரியமும் இதில் கிடையாது. பம்ப்புக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் இதில் தனித்தனித் தண்டு.

முள் எழுகிறது, ஆனால் நடுங்குகிறது. அப்படியானால் எண்ணெயோடு காற்றும் போகிறது. ஸ்ட்ரெயினர் பம்ப்போடு சேரும் இடத்தில் முகம் சரியாக அமரவில்லை, அல்லது கேஸ்கெட் கிழிந்திருக்கிறது. இங்கே ஒரு தந்திரம் எனக்கு மிகவும் பிடிக்கும். சம்ப்பைக் கழற்றுவதற்கு முன் அளவுக்கு மேல் ஒரு லிட்டர் எண்ணெய் ஊற்றிச் சற்று நேரம் ஐடிலில் மட்டும் ஓடவிடுவது. காற்று நுழையும் இடம் இப்போது எண்ணெயில் மூழ்கியிருந்தால் முள் அமைதியாகிவிடும். ஒரு லிட்டர் எண்ணெயால் கேட்ட கேள்வி. பதில் கிடைத்ததும் அதிகப்படியை இறக்கிவிடலாம்.

குளிரில் நன்றாக நின்று, சூடேறியதும் ஐடிலில் முள் சரிந்தால் இடைவெளிகள் பெரிது. கிராங்க் ஜர்னலின் விட்டம் ஓர் அங்குலத்துக்கு அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி என்பது பழைய கணக்கு. பி-சீரிஸ் மெயின் ஜர்னல் 2 அங்குலம். ஆகவே ஆயிரத்தில் இரண்டு, அதாவது சுமார் 0.05 மில்லிமீட்டர். இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவும் இரண்டு மடங்கு என்று நினைப்போம். இல்லை. கசிவு இடைவெளியின் முப்படியாக ஏறும். இரண்டு மடங்கானால் எட்டு மடங்கு. கிரைண்ட் செய்த அளவுக்கும் வாங்கிய பேரிங் ஷெல்லுக்கும் ஒரு சைஸ் தவறினால் எந்தப் பம்ப்பும் ஈடுகொடுக்காது. பம்ப்பிலேயே ரோட்டாருக்கும் மூடிக்கும் நடுவே ஆயிரத்தில் ஐந்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது கையேட்டுக் கணக்கு. பழைய பம்ப்பைத் துடைத்துத் திரும்பப் போட்டவர்கள் இதை அளந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் சம்ப்பைத் தொடுவதற்கு முன் ரிலீஃப் வால்வ். பிளாக்கின் இடப்பக்கம் பின்னால், குமிழ்த் தலை நட்டுக்குப் பின் ஒரு ஸ்பிரிங்கும் ஒரு சிறு கிண்ணமும். கிண்ணம் உட்காரும் இடத்தில் ஒரு பொடி இரும்பு சிக்கினால் போதும், எண்ணெய் சம்ப்புக்கே திரும்பிவிடும். இந்த ஸ்பிரிங்குக்குப் பின்னால் வாஷர் வைத்து இறுக்கிப் பிரஷரை 'ஏற்றி'க் கொடுக்கும் வழக்கம் இருக்கிறதே, அது சுத்த மோசடி. ஐடிலில் சரியான வால்வ் மூடித்தான் இருக்கும். மூடியிருக்கும் கதவுக்கு மேலும் ஒரு தாழ்ப்பாள் போட்டு என்ன பயன்? வேகத்தில் எண் கூடும், வண்டிக்காரர் மகிழ்வார், கசிவு அப்படியே இருக்கும்.

கடைசி வகைதான் உச்சம். முள் 60 பவுண்டில் கம்பீரமாக நிற்கிறது. மேலே 'டிக் டிக் டிக்'. டேப்பட் செட்டிங் பார்த்தாயிற்று, சரி. ராக்கர் மூடியைத் திறந்தால் உள்ளே காய்ந்துபோய்க் கிடக்கிறது. எண்ணெய் கேஜைத் தாண்டி எங்கோ நின்றுவிட்டது. ராக்கர் தூணைக் கழற்றிப் பார்த்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் இந்த இன்ஜினில் தூணைப் பிடிக்கும் நட்டுகளில் ஒன்று ஹெட்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. தண்ணீரை இறக்கி, ஹெட் நட்டுகள் எல்லாவற்றையும் வரிசைப்படி தளர்த்தாமல் தூணைத் தொட்டால் ஹெட் கோணிக்கொள்ளும். ஆகவே முதலில் மனதுக்குள் பிரிக்க வேண்டும்.

நான்கு தூண்களும் பார்வைக்கு ஒரே சாயல். எண்ணெய்த் துளையும் ஷாஃப்டைப் பிடிக்கும் திருகும் பின்தூணுக்கு மட்டும். கழுவிக் கலைத்துப் போட்டபோது இடம் மாறியிருந்தால், திருகின் தலை தவறான இடத்தில் தெரிந்தே காட்டிக்கொடுக்கும்; ஸ்பானர் வேண்டாம், கண் போதும். தூண் சரியென்றால், சுத்தம் செய்யக் கழற்றிய ஷாஃப்டின் முனை அடைப்பான் திரும்ப ஏறியதா? இல்லையென்றால் அந்த முனையில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கும், மற்ற ராக்கர்கள் பட்டினி. இங்கே எல்லாமே வறட்சி, ஆக அதுவுமில்லை. ஹெட் கேஸ்கெட்டுக்குப் பேஸ்ட் தடவினார்களா? தடவியிருந்தால் பின்மூலைத் துளையில் பிதுங்கியிருக்கலாம். அதுவும் இல்லையென்றால் மிஞ்சுவது ஒன்று: பின்பக்கக் கேம் புஷ். வெளியே வெறும் வளையம்தான். ஆனால் அதிலுள்ள துளை பிளாக்கின் துளைக்கு நேராக நிற்க வேண்டும். அடித்து இறக்கும்போது சற்றே திரும்பினால் மேலே போகும் வழி மூடிக்கொள்ளும். கேமுக்குக் கீழிருந்து வரும் எண்ணெய் வந்துகொண்டே இருக்கும், மெயினுக்கும் குறையில்லை, கேஜுக்கும் குறையில்லை. கேம் புஷ் மாற்றினார்களா என்ற கேள்வி எதற்கென்று இப்போது தெரியும். தூணைத் தளர்த்தி, ஸ்டார்ட்டரில் சுற்றி, ஹெட்டின் துளையில் எண்ணெய் ஊறுகிறதா என்று பார்ப்பது ஏற்கெனவே போட்ட தீர்ப்புக்குக் கையெழுத்து வாங்குவதுதான்.

சேதம் எவ்வளவு என்பதை ஃபில்டர் சொல்லும். அறுத்து, மடிப்புக் காகிதத்தை வெயிலில் விரித்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, ஒட்டாத சாம்பல் மினுமினுப்பு பேரிங்கின் மேற்பூச்சு, செம்பு நிறம் தெரிந்தால் பூச்சு போய் அடியில் உரசியாயிற்று. ஷெல்லைக் கழற்றிய பிறகும் படிக்க நிறைய உண்டு: நீள நீளக் கீறல் என்றால் அழுக்கு, கிரைண்டிங் தூள் கிராங்க் துளைகளுக்குள் தங்கிவிட்டது, வழித்துப் பூசினாற்போல் மழுங்கிக் கருத்திருந்தால் வறட்சி. கிரைண்ட் ஆகிவந்த கிராங்கின் துளைக்குள் பாட்டில் பிரஷ் விட்டு மண்ணெண்ணெய் பாய்ச்சிக் காற்றடிக்கச் சிறிது நேரம்தான் ஆகும். அந்தச் சிறிது நேரத்துக்குத்தான் எவருக்கும் பொழுதில்லை.

ரசனைக் குறைவுக்கு ஓர் உதாரணம் சொல்லாமல் விட மனமில்லை. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி தயாரித்த ஹெரால்டும், அதன் இன்ஜின் குடும்பத்தைச் சேர்ந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரும் ராக்கர் எண்ணெய் விஷயத்தில் கொஞ்சம் கஞ்சம். இதற்கு வெளிநாடுகளில் ஒரு குழாய் விற்கிறார்கள்: பிளாக்கின் பெரிய துளையிலிருந்து நேராக ஹெட்டுக்கு, வெளிப்புறமாக. போட்டதும் மேலே வெள்ளம். சத்தம் அடங்கும், பளபளப்பான குழாய் பானெட்டுக்குள் அழகாகவும் இருக்கும். ஆனால் அந்த வெள்ளம் கிராங்க் பேரிங்குகளின் பங்கிலிருந்து எடுத்தது. மேலே தேவைக்கு மேல் நிற்கும் எண்ணெய் வால்வ் கைடு வழியே இறங்கிப் புகையாகும். அடைத்த துளை அடைத்தபடியே கிடக்கும். குழாய் வைத்தே தீருவேன் என்கிறவர்களில் விவரமானவர்கள் அதன் வாயில் சிறு துளை கொண்ட ஜெட் ஒன்றைச் செருகி ஓட்டத்தைக் குறைக்கிறார்கள். அவர்களோடு அதற்கு மேல் சண்டை போட எனக்குத் தெம்பில்லை.