ஆகாரின் கூந்தல்

டோனி மாரிசன் என்னும் கறுப்பின அமெரிக்க ஆசிரியை 1977இல் வெளியிட்ட நாவலின் பெயர், ஆங்கிலத் திருமறையில் உன்னதப்பாட்டுக்கு வழங்கும் பெயரேயாகும். அத்திருமறை நூலில் மணவாட்டி தன் கருமையை நாணமின்றி அறிவிக்கிறாள். மணவாளன் அவளது கூந்தலை மலைச்சரிவில் தோன்றும் வெள்ளாட்டு மந்தைக்கு ஒப்பிட்டுப் போற்றுகிறான். நாவலில் வரும் ஆகாருக்கு அத்தகைய புகழ்ச்சி கிட்டவில்லை.

பல்லாண்டு பழகிய மில்க்மேன் அவளைக் கைவிடுகிறான். செம்புக்காசு நிறத்துப் பட்டுக்கூந்தலையே அவன் விரும்புகிறான் என்று அவள் உறுதிகொள்ளுகிறாள். கடைகடையாய் ஏறி உடைகளும் பூச்சுகளும் வாங்குகிறாள். வழியிலே பெருமழை அனைத்தையும் பாழாக்குகிறது. காய்ச்சலில் கிடப்பவளிடம் பாட்டியாகிய பிலாத்து கூறும் மறுமொழியே நாவலின் உயிர்நிலை என்பேன். அந்தச் சுருள்மயிர் மில்க்மேனின் தலையிலும் உடலிலும் வளருவதுதானே, அதை அவன் எவ்வாறு வெறுக்கக்கூடும் என்பது அவள் வாதம். அவன் பிலாத்துவின் தமையன் மகன். ஆகவே இது வெறும் ஆறுதலன்று; இருவர் தலையிலும் வளருவது ஒரே முன்னோரின் மயிர்.

மேற்கு ஆப்பிரிக்க மக்கள் பலரிடையே பின்னல் ஒருத்தியின் குலத்தையும் நிலையையும் உணர்த்தியது. அடிமை வாணிபம் அவ்வழக்கைச் சிதைத்தது. சூடேற்றிய சீப்பும் எரிசோடாக் களிம்பும் பின்வந்தவை. இயற்கைச் சுருளையும் பின்னலையும் காரணங்காட்டி வேலையிலும் பள்ளியிலும் ஒருவரை ஒதுக்கலாகாது என்று கலிபோர்னியா மாநிலம் 2019இல் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. ஆகாரின் அச்சம் வெறும் பேதைமையன்று.

ஆயினும் பிலாத்துவின் சொல் மிகவும் பிந்தி வருகிறது. தன் தலைமயிரை எந்நாளோ ஒட்ட வெட்டி அக்கவலையினின்று விடுபட்டவள் அவள். அவ்விடுதலையைப் பேத்திக்குக் கற்பித்தாளில்லை. மாரிசன் இதனை அறியாதவரல்லர். தாய்மார், அத்தைமார், அண்டைவீட்டார், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியைகள் (நம் வாசகர் இவ்விடத்தில் சற்று நிற்பது நலம்) என ஒரு பெருங்கூட்டமே ஆகாருக்குத் தேவைப்பட்டதென்று அவரே எழுதுகிறார். சுருள்மயிரை மரபுச்செல்வமாகக் கொண்டாடும் இந்நாளைய பேச்சு பெரும்பாலும் தனியொரு பெண்ணின் துணிவையே மெச்சுகிறது. அத்துணிவு தானே முளைப்பதன்று. சிறுமியின் தலையை மடியிற் சாய்த்துப் பொறுமையுடன் சீவிப் பின்னும் மூத்த பெண்டிரின் கைகளே அதனை ஊட்டவேண்டும்.

ஆகார் இறந்துபோகிறாள். மூதாதையரின் பாட்டைக் கண்டறிந்த பெருமிதத்தோடு ஊர் திரும்பும் மில்க்மேனிடம் பிலாத்து ஒரு பெட்டியைத் தருகிறாள். அதனுள் இருப்பது ஆகாரின் கூந்தல்.