நிழலில் அமர்ந்த கிதார்

இசைநிகழ்ச்சிப் படங்களில் கறுப்பு வெள்ளை தரும் அழகினை 'எளிமை' என்ற ஒரு சொல்லால் விளக்கிவிடுவது வழக்கம். வார்னர் பிரதர்ஸ் 1944-இல் வெளியிட்ட 'ஜாமின் த புளூஸ்' என்னும் பத்து நிமிட ஜாஸ் படம் அவ்விளக்கத்திற்குள் அடங்குவதன்று. (அவையோர் முன் நிகழ்ந்ததன்று, படத்தளத்தில் எடுக்கப்பட்டது.) இதனை இயக்கிய ஜோன் மிலி, 'லைஃப்' இதழின் ஒளிப்படக் கலைஞர். தொடக்கத்தில் ஒன்றனுள் ஒன்றாய் வட்டங்களும் மேலெழும் புகையும் மட்டுமே தெரிகின்றன. அவ்வட்டங்கள் நிமிரும்போதுதான் அது லெஸ்டர் யங்கின் தொப்பி என்பதும், அதன்கீழ் ஒரு முகம் இருப்பதும் புலனாகின்றன. பின்புலத்தில் பொருள் எதுவும் இன்மையால் விரலும் சாக்சபோனின் விளிம்பும் தனித்து ஒளிர்கின்றன.

எனினும் இந்த இருள் முழுவதும் கலைநோக்கால் விளைந்ததன்று. இசைத்தோருள் வெள்ளையர் ஒருவரே. அவர் கிதார்க் கலைஞர் பார்னி கெஸல். இரு இனத்தாரும் இணைந்து இசைப்பதைக் காட்ட நிறுவனம் தயங்கியமையால் அவர் நிழலில் அமர்த்தப்பட்டார். அண்மைக் காட்சிகளுக்காக அவர் கைகளில் பழச்சாறு பூசிக் கருமையாக்கினர்.

'சில்லவுட்' என்பதனை 'நிழலுரு' எனப் பெயர்த்தால் வடிவம் புலப்படும், மறைப்பு புலப்படாது. மேலும், குடைநிழல், அடிநிழல் முதலிய வழக்குகளால் தமிழில் நிழல் புகலிடமும் ஆகும். யங்கிற்கு 'நிழலுரு' பொருந்தலாம். கெஸலுக்கு 'இருட்டடிப்பு' என்பதே நேரிய பெயர்ப்பு. வண்ணப்படமாயின் அப்பழச்சாறு இத்துணை எளிதில் தோலாகியிராது.