பிரகாச மாதா: ஒரு தொகைச்சொல்லை விரித்தால்

மயிலாப்பூரில் ‘லஸ்’ என்னும் சொல் நாள்தோறும் எண்ணற்றோர் நாவில் வருகிறது. லஸ் கார்னர், லஸ் சர்ச் சாலை என இடப்பெயராகிவிட்ட அச்சொல்லின் பொருளை எண்ணிப் பார்ப்போர் குறைவு. 1516-ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டையுடைய அன்னையின் ஆலயமே அப்பெயருக்கு மூலம். போர்த்துக்கீசியர் அவ்வன்னையை ‘நோசா செஞ்ஞோரா டா லூஸ்’ என்றனர். நாம் ‘பிரகாச மாதா’ என்கிறோம். காட்டுக்கோயில் என்பதும் பழைய வழக்கு.

லத்தீனில் ஒளிக்கு எழுவாய் வடிவம் ‘லூக்ஸ்’. இரண்டாம் வேற்றுமையில் அது ‘லூச்செம்’ ஆகும். போர்த்துக்கீசியப் பெயர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வேற்றுமை வடிவிலிருந்தே கிளைத்தவை. ஈறு தேய்ந்து ‘லூஸ்’ ஆன அச்சொல்லோடு இன்று ‘லஸ்ஸுக்கு’, ‘லஸ்ஸில்’ எனத் தமிழ் உருபுகள் சேர்கின்றன. பழைய வேற்றுமையின் தடத்தின்மேல் புதிய வேற்றுமை ஏறியிருக்கிறது!

மொழிபெயர்ப்பைப் பற்றியே நம் கேள்வி. போர்த்துக்கீசியத் தொடரிலுள்ள ‘டா’ என்பது ஏறக்குறைய நம் ஆறாம் வேற்றுமையின் வேலையைச் செய்கிறது. ‘பிரகாச மாதா’ என்னும் தொகையிலோ உருபு மறைந்துள்ளது. ‘பிரகாசமான மாதா’ என விரித்தால் பண்புத்தொகை. அங்கே ஒளி அன்னையின் பண்பு. ‘பிரகாசத்தின் மாதா’ என விரித்தால் ஆறாம் வேற்றுமைத்தொகை; அங்கே ஒளி அன்னையின் மகன்.

உறவுமுறையையும் ஆறாம் வேற்றுமைப் பொருள்களுள் ஒன்றாகத் தொல்காப்பியம் எண்ணுகிறது. யோவான் நற்செய்தி எட்டாம் அதிகாரத்தில் இயேசு தம்மை உலகின் ஒளி என்கிறார்; லத்தீன் விவிலியம் அங்கு ஆள்வதும் இதே ‘லூக்ஸ்’ என்னும் சொல்லையே. ஆகவே இரண்டாம் விரிவே மூலத்துக்கும் விசுவாசத்துக்கும் நெருக்கமானது.

பண்புத்தொகையாகக் கொள்வது பிழையன்று. ஒளியைப் பெற்றெடுத்தவள் ஒளிர்வது இயல்பே. ஆயினும் அவ்விரிவு மட்டுமே மனத்தில் நின்றால், பக்தி அன்னையின் அழகோடு நின்றுவிடும். அவர் சுட்டும் மகனிடம் சென்று சேராது. இலக்கண நுட்பம்போலத் தோன்றும் இவ்வேறுபாடு, உண்மையில் நம் செபத்தின் திசையை முடிவு செய்கிறது.

பழகிய பெயரை மாற்ற வேண்டியதில்லை. தொகையாகவே இருக்கட்டும். அதை உச்சரிக்கும் ஒவ்வொரு முறையும், மறைந்திருக்கும் அந்த ஆறாம் உருபை உள்ளத்தில் விரித்துக்கொள்வோம்.