இறால் பண்ணையும் அந்நிய முதலீடும்

2009இல் யுத்தம் முடிந்த பின் நமது புலம்பெயர் சூழலில் ஒரு வாதம் செல்வாக்குப் பெற்றிருக்கிறது. வடகிழக்குக்கு அந்நிய நேரடி முதலீடு வந்தால் வளர்ச்சி வரும். முதலீட்டாளர் ஓடிவிடுவார் என்ற பயத்தில் அரசும் ஒழுங்காக நடந்துகொள்ளும் என்பதே அது. ஒருகாலத்தில் சோசலிசம் பேசிய நண்பர்கள் சிலரும் இன்று இதைச் சொல்கிறார்கள்.

வளர்ச்சி பற்றிய பகுதிக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. 1977க்குப் பின்னான இலங்கையின் வளர்ச்சியை முதலீட்டின் கணக்கில் எழுதுவது வழக்கம். ஆனால் அவ்வருடங்களில் பொருளாதாரத்தை உந்தியதில் பெரும்பங்கு மகாவலி போன்ற திட்டங்களுக்குக் கிடைத்த வெளிநாட்டு உதவியினுடையது. கட்டுநாயக்க வலயத்து ஆடைத் தொழிற்சாலைகள் துணியையும் இறக்குமதி செய்தே தைத்தன. உள்ளூர்த் தொழிலுடன் அவற்றுக்கிருந்த தொடர்பு சொற்பம்.

அரசு ஒழுங்குபடும் என்ற பகுதிதான் முக்கியமானது. அதைப் பரிசோதிக்க மட்டக்களப்புக்குப் போனால் போதும்.

1978 யாப்பின் 157ஆம் உறுப்புரை அந்நிய முதலீட்டுக்கென்றே எழுதப்பட்டது. பிறநாட்டுடனான முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்றைப் பாராளுமன்றம் மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் அங்கீகரித்துவிட்டால், தேசிய பாதுகாப்பு நலனுக்காகவன்றி அதற்கு முரணாகச் சட்டமியற்றவோ நிர்வாக நடவடிக்கை எடுக்கவோ முடியாது. சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய அதே யாப்புத்தான் இதுவும். பிரித்தானியாவுடன் 1980இல் செய்துகொண்ட முதலீட்டு ஒப்பந்தம் பின்னர் ஹொங்கொங்குக்கும் விஸ்தரிக்கப்பட்டது.

கொக்கட்டிச்சோலைப் பகுதியில் இயங்கிய இறால் பண்ணையில் ஹொங்கொங் கம்பனியொன்று பங்கு வைத்திருந்தது. 1987 ஜனவரி 28இல் பாதுகாப்புப் படையினரின் நடவடிக்கையின்போது பண்ணை அழிந்தது. அதன் முகாமையாளரும் ஊழியர்களும் கொல்லப்பட்டார்கள், ஊரவர்களும் கொல்லப்பட்டார்கள். கம்பனி உலக வங்கியைச் சார்ந்த முதலீட்டுப் பிணக்குகளுக்கான மையத்துக்குப் போயிற்று. அரசுடன் தனியான உடன்படிக்கை எதுவுமின்றி, இருநாட்டு ஒப்பந்தத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அங்கு தொடரப்பட்ட முதல் வழக்கு இது. சர்வதேசச் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் இதைப் படிக்கிறார்கள், பெரும்பாலும் இறந்தவர்களைப் பற்றி யோசிக்காமல்.

1990 ஜூன் 27இல் தீர்ப்பு வந்தது. பண்ணையை அழித்தது படையினர்தான் என்பது நிரூபிக்கப்படவில்லை என்றது நடுவர் மன்றம். எனினும், சந்தேகத்துக்குரியவர்களை வெளியேற்றும்படி நிர்வாகத்திடம் சமாதானமாகக் கேட்பது போன்ற முன்னெச்சரிக்கைகளை அரசு எடுத்திருக்க வேண்டும் என்றும், அதைச் செய்யாததால் அது பொறுப்பாளி என்றும் கூறியது. நட்டஈடு 4,60,000 டொலரும் வட்டியும். கம்பனி கேட்டதோ 80 லட்சம் டொலருக்கு மேல். எதிர்கால இலாபத்தைக் கணக்கிட மன்றம் மறுத்துவிட்டது.

ஊழியர்களின் குடும்பங்கள் இந்த மன்றத்தின் வாசலுக்கே போகமுடியாது. ஒப்பந்தம் முதலீட்டாளருக்கானது, அவர்களின் மரணங்கள் வழக்கின் பின்னணிச் சம்பவங்கள் மட்டுமே. ஆக, அரசு ஒழுங்குபடுத்தப்பட்டது உண்மை. ஆனால் பங்குதாரருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுக்குத்தான்.

தீர்ப்பு வந்து ஒரு வருடம் ஆவதற்குள், 1991 ஜூன் 12இல், அதே கொக்கட்டிச்சோலைப் பகுதியில் இராணுவம் 60க்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றது. அரசு விசாரணைக் குழு அமைத்தது. இராணுவ நீதிமன்றம் சிப்பாய்களை விடுவித்தது. கட்டளையதிகாரி பதவி நீக்கப்பட்டார்.